சாரத்தைப் பிரிக்கிறது யாரு சிஸ்டர்?

எலும்புக்கு மாற்றுப்பொருள் செய்துபார்க்கும் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழக, பொறியியல் கல்லூரி ஆய்வுக்கூடங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நான் ஒரு மாவட்ட அரசு மருத்துவமனையின் எலும்பு முறிவுப் பிரிவில் தியேட்டர் சிஸ்டர். இருபத்திரண்டு வருடமாக உளி, சுத்தியல், டிரில், பிளேட், ஸ்க்ரூ என்று எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கி வைப்பதுதான் பிழைப்பு. உங்கள் கட்டுரைகளைப் படித்துப் புரிந்துகொள்ளும் படிப்பு எனக்குக் கிடையாது. ஆனால் என் அக்கா மகள் உங்களில் ஒருத்தி. முனைவர் பட்டத்துக்காக எலும்பு நிரப்பும் பொருள் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறாள். லீவுக்கு வந்தால் லேப்டாப்பைத் திறந்து வைத்து எனக்குப் பாடம் எடுப்பாள். இந்தக் கடிதத்தில் வரும் அறிவியலில் பாதி அவள் சொன்னது, மீதி எங்கள் டாக்டர்கள் வேலை செய்துகொண்டே பேசியது. கோபம் மட்டும் என்னுடையது.

அவள் முட்டை ஓட்டைக் கழுவி, உள்சவ்வை உரித்து, 900 டிகிரி சூட்டில் சுடுகிறாள். ஓட்டிலிருக்கும் கால்சியம் கார்பனேட் சுண்ணாம்பாகிறது. அதைப் பாஸ்பேட்டோடு வினைபுரிய வைத்தால் ஹைட்ராக்சி அபடைட். நம் எலும்பின் தாதுவும் இதே குடும்பம்தானாம். இறால் ஓட்டிலிருந்து எடுத்த கைட்டோசானில் இதைக் கலந்து, உறையவைத்து உலர்த்தினால் வெள்ளையாக, பஞ்சு போல ஒரு வில்லை கிடைக்கிறது. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் எடுத்த படத்தைக் காட்டினாள். ஆப்பத்தின் நடுப்பகுதி மாதிரி துளைதுளையாக அழகாகத்தான் இருந்தது. ஒவ்வொரு துளையும் 100லிருந்து 300 மைக்ரான் வரை, அப்போதுதான் ரத்தக்குழாய் உள்ளே நுழையும் என்றாள்.

"இது எங்க தியேட்டருக்கு எப்போ வரும்?" என்று கேட்டேன்.

சிரித்தாள். "அதெல்லாம் வேற டிபார்ட்மெண்ட் சித்தி."

அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளக் கடிதம்.

போன வருடம் ஒரு கொத்தனார் வந்தார். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். பைக்கில் போகும்போது லாரி இடித்து, வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே வந்துவிட்டது. அந்த இடத்தில் முன்பக்கம் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே சதையே கிடையாது. உங்கள் காலையே தடவிப் பாருங்கள். மண் ஒட்டிக் கிடந்ததையெல்லாம் கழுவி, செத்த எலும்பை வெட்டி எடுத்த பிறகு பார்த்தால் நாலரை சென்டிமீட்டர் வெற்றிடம். வெளியே கம்பிச் சட்டம் மாட்டி, நடுவில் எலும்பு சிமெண்டை உருட்டி வைத்தார் டாக்டர். பிரான்சின் மாஸ்கலே என்ற டாக்டர் கொண்டுவந்த முறை இது. ஆறு முதல் எட்டு வாரத்தில் அந்தச் சிமெண்டைச் சுற்றி உடம்பு ஒரு சவ்வை வளர்த்துக்கொள்ளும். பிறகு சவ்வைக் கீறி, சிமெண்டை எடுத்துவிட்டு, அந்தப் பைக்குள் எலும்புத் துகளை நிரப்புவார்கள்.

அந்த எலும்புத் துகளுக்கு எங்கே போவது? அவருடைய இடுப்புக்குத்தான். இடுப்பெலும்பின் விளிம்பைத் திறந்து, கரண்டி போன்ற கருவியால் உள்ளே இருக்கும் பஞ்செலும்பைச் சுரண்டி எடுப்போம். சின்ன எஃகுக் கிண்ணத்தில் சிவப்பும் மஞ்சளுமாக, ஈரமாக, கொத்துக்கறி மாதிரி கிடக்கும். உயிருள்ள செல், எலும்பை வளரச் சொல்லும் புரதம், வளர இடம் தரும் தாது, மூன்றும் அதில் இருக்கின்றன. நீங்கள் எத்தனை வருடமாகவோ ஒன்றாகச் சேர்க்கப் பார்க்கும் மூன்றும் அந்தக் கிண்ணத்தில் ஓசியில் கிடைக்கிறது. ஓசி என்று சொன்னது தப்பு. மறுநாள் வார்டு ரவுண்ட்ஸுக்குப் போனால் பாதிப் பேர் உடைந்த காலைப் பற்றிப் பேச மாட்டார்கள், "இடுப்புதான் சிஸ்டர் உயிர் போகுது" என்பார்கள். சிலருக்குத் தொடையின் வெளிப்பக்கம் மாதக்கணக்கில் மரத்துப்போகும். அங்கே ஓடும் நரம்பு ஒன்று இழுபட்டிருக்கும்.

கொத்தனாருக்கு அப்படிச் சுரண்டியும் போதவில்லை. குப்பியில் வரும் செயற்கை எலும்புத் துகளையும் கலக்க வேண்டும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அவரிடம் கையெழுத்து வாங்கும்போது அதை விளக்கவேண்டியது என் பங்கு. "நீங்க சுவர் எழுப்பச் சாரம் கட்டுறீங்கள்ல, அதே மாதிரி எலும்பு ஏறி வளர ஒரு சாரம்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"சரி, சாரத்தைப் பிரிக்கிறது யாரு சிஸ்டர்? பிரிக்காம பூச முடியாதே."

எனக்குப் பதில் தெரியவில்லை. டாக்டரிடம் கேட்டேன், அக்கா மகளிடமும் கேட்டேன். இரண்டு பேருமே இது சரியான கேள்வி என்றார்கள். எலும்பைத் தின்னும் செல்களும், பொருள் மெதுவாகக் கரைவதும்தான் சாரத்தைப் பிரிக்கும் வழி. ஆனால் வேகம் பொருளுக்குப் பொருள் மாறும். ஜிப்சம் குடும்பத்துக் கால்சியம் சல்பேட் சில வாரங்களில் காணாமல் போய்விடும். எலும்பு வருவதற்குள் சாரம் விழுந்த கதை. நன்றாகச் சுட்ட ஹைட்ராக்சி அபடைட் நேர் எதிர், வருடக்கணக்கில் அப்படியே நிற்கும். ஐந்து வருடம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில்கூட வெள்ளை மணிகளாகத் தெரிவதைப் பார்த்திருக்கிறேன். நடுவில் இருப்பது டிரைகால்சியம் பாஸ்பேட், மாதக்கணக்கில் கரையும். அதனால் ஹைட்ராக்சி அபடைட்டையும் இதையும் அறுபதுக்கு நாற்பது என்ற மாதிரிக் கலந்து விற்கிறார்கள். 1892லேயே டிரீஸ்மன் என்ற ஜெர்மன் டாக்டர் எலும்புக் குழியில் பாரிஸ் சாந்தை, அதாவது இதே கால்சியம் சல்பேட்டை, அடைத்துப் பார்த்திருக்கிறார். அப்போதே எழுந்திருக்க வேண்டிய கேள்விதான், கொத்தனார் போன வருடம் கேட்டார்.

உங்கள் கட்டுரைகளில் இந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் தேடுகிறீர்கள் என்று அக்கா மகளைக் குடைந்தேன். ரத்த நீரைப் போல உப்புகள் கலந்த ஒரு கரைசல் இருக்கிறதாம், ஜப்பானின் கோகுபோ என்பவர் கொண்டுவந்தது. அதில் வில்லையை ஊறப்போட்டு, மேலே அபடைட் படிந்தால் 'உயிர்த்துடிப்புள்ள பொருள்' என்று எழுதிவிடலாம். ஆனால் டிரைகால்சியம் பாஸ்பேட் அந்தக் கரைசலில் அபடைட்டை ஒழுங்காகப் படிய வைப்பதில்லை, உடம்பிலோ எலும்போடு நன்றாகவே ஒட்டுகிறது. இந்தச் சோதனையை நம்பலாமா என்று 2009லேயே உங்கள் துறையினரே கேட்டு எழுதியிருக்கிறார்கள் என்று அவளே சொன்னாள். அடுத்த படி, செல்லை வில்லை மேல் வளர்ப்பது. பெரும்பாலும் எம்ஜி-63 என்ற செல். அது எலும்புப் புற்றுநோய் வந்த ஒரு பதினாலு வயதுப் பையனிடமிருந்து எடுத்து வளர்த்து வரும் வம்சம் என்று கேட்டபோது எனக்கு என்னவோ செய்தது. புற்றுநோய் செல் எதன்மேல் போட்டாலும் வளரத்தானே செய்யும் என்றேன். "ரிவ்யூவர் மாதிரி பேசாத சித்தி" என்றாள்.

அப்புறம் முயல். தொடையெலும்பில் ஐந்தாறு மில்லிமீட்டர் துளை போட்டு நிரப்பி, பன்னிரண்டு வாரத்தில் எலும்பு வந்துவிட்டது என்று படம். முயல் பீடி குடிக்காது. அதற்குச் சர்க்கரை நோய் கிடையாது. ரோட்டோரச் சாக்கடையில் அதன் கால் விழுந்து நாலு மணி நேரம் கிடந்திருக்காது. எங்களிடம் வரும் கால்கள் அப்படி வருகின்றன. 2022இல் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள், அந்த வருடம் நாட்டிலேயே அதிக எண்ணிக்கை. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. நல்ல விஷயம், கண்ணால் பார்க்கிறோம். ஆனால் எலும்பு ஒன்றுசேர ஒரு வருடம் ஆகிறது.

சாதாரண முறிவுக்கு உங்கள் பொருள் எதுவுமே வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதனால்தான் புத்தூர் கட்டு இன்றைக்கும் ஓடுகிறது. நேராக வைத்து அசையாமல் பிடித்தால் எலும்பு தானாகக் கூடிவிடும், பெயர் கட்டுப் போட்டவருக்குப் போகும். மூங்கில் பத்தையோ டைட்டானியம் பிளேட்டோ, இரண்டும் அங்கே காவல்காரன்தான். நடுவில் எலும்பே இல்லை என்றால்தான் கதை மாறுகிறது. இலிசரோவ் வளையம் மாட்டி ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் எலும்பை இழுத்து வளர்க்கலாம். நாலரை சென்டிமீட்டருக்குக் கணக்குப் போட்டால் இழுக்க மட்டும் ஒன்றரை மாதம், இழுத்த இடம் கெட்டிப்பட அதைப்போல இரண்டு பங்குக்கு மேல். கம்பி குத்திய இடமெல்லாம் சீழ் பிடிக்காமல் தினமும் துடைக்க வேண்டும். கொத்தனார் மனைவிக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருந்தால் செய்திருப்பார், சித்தாள் வேலையை விட்டுவிட்டு.

உங்களுக்குத் தெரிந்த பெயர் ஒன்று: லாரி ஹென்ச். புளோரிடா பல்கலைக்கழகத்தில் கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி செய்தவர். 1967இல் ராணுவம் நடத்திய ஒரு மாநாட்டுக்குப் பஸ்ஸில் போகிறார். பக்கத்தில் வியட்நாம் போரிலிருந்து அப்போதுதான் திரும்பிய ஒரு கர்னல். இவர் கதிர்வீச்சைத் தாங்கும் மின்னணுப் பொருள்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல, அவர், மனித உடம்புக்குள் போனாலும் தாக்குப்பிடிக்கிற பொருள் ஒன்றை உங்களால் செய்ய முடியாதா என்று கேட்டுவிட்டார். உள்ளே வைத்த பொருளை உடம்பு ஏற்காததால் எத்தனை கைகால்களை வெட்ட வேண்டியிருந்தது என்று பார்த்துவிட்டு வந்தவர் அவர். ஹென்ச் ஊருக்குத் திரும்பி நிதி கேட்டு எழுதினார். 1969இல் எடையில் 45 சதவீதம் சிலிக்கா கொண்ட ஒரு கண்ணாடியை எலியின் தொடையெலும்பில் வைத்தார்கள். சில வாரம் கழித்துப் பிடுங்கினால் வரவில்லை. எலும்பு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. இன்று பயோகிளாஸ் என்று நீங்கள் பாடம் நடத்துவது அதைத்தான். அதுவும் மனித உடம்புக்குள் போக அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1985இல், நடுக்காதின் சின்ன எலும்புக்கு.

பதினாறு வருடம். அவசரப்படுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். அந்தக் கர்னல் பார்த்ததை நீங்களும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

தியேட்டருக்குள் வந்தால் என்ன தெரியும்? முதலில் ரத்தம். உங்கள் வில்லை ஆய்வுக்கூடத்தில் உலர்ந்த நிலையில் அழகாக நிற்கும். இங்கே அது ரத்தத்தில் ஊறிய அடுத்த நொடி கூழாகிவிடக் கூடாது. துகளாக இருந்தால் சக்‌ஷன் குழாய் அதை உறிஞ்சிக்கொண்டு போய்விடும். நோயாளி வீட்டில் கடன் வாங்கிக் கொடுத்த துகள் பாட்டிலுக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். எங்கள் டாக்டர்கள் துகளை நோயாளியின் ரத்தத்திலேயே பிசைந்து, உறையும்வரை காத்திருந்து, களிமண் உருண்டை போலாக்கித்தான் வைப்பார்கள். அப்படி உருட்டினால் உருள வேண்டும். பசை போல ஊசியில் ஏற்றுவது என்றால், டூர்னிக்கே கட்டி ரத்தம் நிறுத்தியிருக்கும் நேரத்துக்குள் இறுக வேண்டும், இறுகும்போது சுடக் கூடாது. பக்கத்தில் ஸ்க்ரூ ஏறும்போது வெடிக்கக் கூடாது.

பிறகு பொதி. குப்பியின் ரப்பர் மூடியை, இரண்டு ஜோடி கையுறை போட்டு ரத்தத்தில் வழுக்கும் விரலால் திறந்து பார்த்திருக்கிறீர்களா? ஒரு முறை திறந்தால் மிச்சத்தை வைத்துக்கொள்ள முடியாது. குழந்தையின் கையில் ஒரு மில்லி குழிக்கு ஐந்து மில்லி குப்பியை உடைத்து, நாலு மில்லியைக் குப்பையில் போட்டிருக்கிறோம். குளிர்பெட்டியில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிடாதீர்கள். எங்கள் ஸ்டோரில் மே மாதம் என்ன வெயில் அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஸ்டெரிலைஸ் செய்வதை எங்கள் தலையில் கட்டினால், எங்களிடம் இருப்பது ஆட்டோகிளேவ். கொலாஜன் சேர்த்த பொருளை அதில் 121 டிகிரியில் வைத்தால் வெந்துவிடும். இரட்டை உறையில், சுத்தம் செய்யப்பட்டே வரட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே, சீழ். எங்களிடம் வரும் திறந்த முறிவுகளில் அடிக்கடி அதுதான் எதிரி. எலும்பை நிரப்பவும் வேண்டும், அங்கேயே மருந்தைக் கசியவிடவும் வேண்டும். எலும்புச் சிமெண்டில் மருந்து கலந்து கோத்த மணிகளை வைப்போம், பிறகு அதை எடுக்க இன்னொரு ஆபரேஷன். கால்சியம் சல்பேட் மணி தானாகக் கரைந்துவிடுவதால் திரும்பத் திறக்க வேண்டியதில்லை, ஆனால் சிலருக்குப் புண்ணிலிருந்து வெள்ளை நீர் வடியும். சீழ்தான் என்று பயந்து ஓடி வருவார்கள். இதற்கு நல்ல வழி ஒன்று செய்து கொடுத்தால் உங்களைக் கும்பிடுவேன். வளர்ச்சிப் புரதம் சேர்த்த சாரம்தான் எல்லோருக்கும் ஆசை என்று அக்கா மகள் சொன்னாள். தாதுவை நீக்கிய எலும்பிலேயே எலும்பை வளர்க்கும் சமிக்ஞை இருக்கிறது என்று மார்ஷல் யூரிஸ்ட் 1965இல் காட்டியதிலிருந்து வந்த ஆசை. சரி, ஆனால் அமெரிக்காவில் 2002இல் முதுகெலும்புக்கு அனுமதி பெற்ற அந்தப் புரதத்தைக் கழுத்தில் வைத்தபோது தொண்டை வீங்கி மூச்சுத் திணறியவர்கள் உண்டு. 2008இல் அரசே எச்சரிக்கை விட்டது. உடம்பு நானோகிராமில் கையாள்வதை மில்லிகிராமில் கொட்டினால் அப்படித்தான். என் ஓட்டு சீழைத் தடுக்கும் பொருளுக்கு.

ஒரு சின்னப் புலம்பல், இது உங்களைப் பற்றியது இல்லை. இடுப்பு மூட்டு மாற்றும்போது வெட்டி எடுக்கும் பந்து எலும்பு மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில் போகிறது. அதைச் சோதித்து, கதிர்வீச்சில் சுத்தம் செய்து சேமித்தால் இன்னொருவருக்கு உதவும். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில் 1988இலிருந்து திசு வங்கி இருக்கிறது. உறுப்பு மாற்றுச் சட்டத்தில் 2011இலேயே திசுவையும் சேர்த்தாகிவிட்டது. ஆனாலும் வாரத்துக்கு இரண்டு பந்தாவது நான் பையில் போடுகிறேன். வேறு யாருக்காவது தனியாக எழுதிக்கொள்கிறேன்.

திருவனந்தபுரத்துச் சித்திரைத் திருநாள் நிறுவனத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். மருத்துவமனையும் கருவி செய்யும் ஆய்வுக்கூடமும் ஒரே நிறுவனத்தின் கீழ் அங்கே. இதய அறுவை டாக்டர் வல்லியத்தான் தலைமையில் செய்த இதய வால்வின் முதல் மூன்று மாதிரிகளும் தோற்றன. ஆட்டுக்கு வைத்துப் பார்த்து, உடைந்ததை எடுத்துப் பார்த்து, திரும்பச் செய்தார்கள். நான்காவது மாதிரி 1990 டிசம்பரில் ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அறுவை செய்கிற டாக்டரே ஆய்வுக்கூடத்துக்கும் பொறுப்பாக இருந்தார் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அங்கே யாரும் 'வேற டிபார்ட்மெண்ட்' என்று சொல்லியிருக்க முடியாது.

உங்களுக்கு அந்த வசதி இல்லை என்பதும் தெரியும். முட்டை ஓட்டில் இருபதாவது கட்டுரை எழுதினால் பட்டம் வரும், பதவி உயர்வு வரும். பொருள் உடம்புக்கு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் ஐஎஸ்ஓ 10993 சோதனை, செம்மறி ஆடு, தரச்சான்று பெற்ற தொழிற்கூடம், 2017 மருத்துவக் கருவி விதிகளின்கீழ் அனுமதி, நோயாளிகளிடம் சோதனை என்று போனால் பத்து வருடம் ஓடிவிடும், கட்டுரை இரண்டுதான் தேறும். அதைச் செய்கிறவரைப் பாராட்டும் வழி உங்கள் பல்கலைக்கழகங்களில் இல்லை. ஆனால் அது தீரும்வரை நாங்கள் இடுப்பைச் சுரண்டிக்கொண்டிருப்போம். ஐந்து கல்லூரிகள் ஐந்து வில்லை செய்வதற்குப் பதில், ஐந்தும் சேர்ந்து ஒரே ஒரு வில்லையை ஆடு வரைக்கும் கொண்டுபோகக் கூடாதா? முழங்கால் மூட்டுக்கு 2017 ஆகஸ்டில் அரசு விலை உச்சவரம்பு வைத்தது போல எலும்புத் துகளுக்கும் வைக்கச் சொல்லி எங்கள் சங்கத்தில் தீர்மானம் போடலாம் என்று இருக்கிறோம். உள்ளூரில் ஒரு நல்ல பொருள் வந்தால் தீர்மானத்துக்கே வேலை இருக்காது.

கொத்தனார் இப்போது நடக்கிறார், ஒரு கால் ஒன்றரை சென்டிமீட்டர் குட்டை. செருப்பில் அட்டை வைத்திருக்கிறார். சாரம் ஏறும் வேலையை விட்டுவிட்டு, கீழே நின்று கலவை போடுகிறாராம். போன மாதம் எக்ஸ்ரே எடுக்க வந்தபோது படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "சாரம் இன்னும் நிக்குது போல" என்று அந்த வெள்ளைப் புள்ளிகளைக் காட்டினார்.

எங்கள் பிரிவுக்குத் தியேட்டர் நாள் செவ்வாயும் வெள்ளியும். உங்கள் ஊர் அரசு மருத்துவமனையிலும் இப்படி இரண்டு நாள் இருக்கும். டீனுக்கு ஒரு கடிதம், நெறிமுறைக் குழு கேட்கும் தாள்கள், நோயாளியின் சம்மதம், இவ்வளவுதான் தேவை. மாணவர்களையும் கூட்டிவாருங்கள், ஒரு தடவைக்கு இரண்டு பேருக்கு மேல் வேண்டாம், இடம் இல்லை. வாசல் வரைக்கும் டவுன் பஸ் வருகிறது. ஏழரைக்குள் வந்துவிட்டால் உடை மாற்றிக்கொண்டு முதல் கேஸுக்கே நிற்கலாம். கட்டாயம் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். உளியை வைத்து எலும்பைத் தட்டும் சத்தம் தச்சுப் பட்டறைச் சத்தம் மாதிரியேதான் இருக்கும், முதல் தடவை கேட்கிறவர்கள் சிலர் வெறும் வயிற்றில் மயங்கி விழுந்திருக்கிறார்கள், அப்புறம் அவர்களையும் நான்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு தியேட்டர் சிஸ்டர்